கடவுளின் அன்பு மாறாதது என்று கிறிஸ்தவர் சொல்வதன் பொருள்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான ஒரே லயத்தில், ஒரு காம்பராவின் (அறையின்) சுவரில் மாரியம்மன் படமும், அடுத்த காம்பராவில் மெழுகுவர்த்திப் புகை படிந்த அந்தோனியார் சுரூபமும், அதற்கடுத்ததில் வேதவசனம் அச்சிட்ட ஒரு கலண்டரும் இருப்பது இங்கே யாருக்கும் வியப்பளிக்கும் காட்சியன்று. ஆகவே கிறிஸ்தவரல்லாத ஒருவரும் கல்யாண வீட்டிலோ சாவு வீட்டிலோ கடவுளின் அன்பு என்றும் மாறாதது என்ற வாக்கியத்தைப் பலமுறை கேட்டிருப்பார். கேட்டுப் பழகிய ஒன்றை விளங்கிக்கொண்டதாகவே எண்ணிவிடுவது மனித இயல்பு. ஞாயிறு பாடசாலைக்கும் மறைக்கல்வி வகுப்புக்கும் ஒழுங்காகப் போய்வரும் பிள்ளைகளிடம் அதன் பொருளைக் கேட்டால்கூட, நாம் நல்லபடி நடந்தால் கடவுள் நம்மை நேசிப்பார் என்ற விடைதான் பெரும்பாலும் வரும். கிறிஸ்தவ போதனையோ ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. அதை முதன்முறையாக அறிய விரும்புவோருக்காக, சமயக் கலைச்சொற்களின் பாரத்தைக் கூடியவரை குறைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது.

அடிப்படையான கூற்று இதுதான்: கடவுள் மனிதரை நேசிப்பதற்கான காரணம் மனிதரிடத்தில் இல்லை, கடவுளிடத்தில் இருக்கிறது. நாம் ஒருவரை விரும்பும்போது அவரிடம் உள்ள ஏதோ ஒரு நன்மை, அழகு, உறவு அல்லது உதவி நம்மை ஈர்க்கிறது. அது குறையும்போது விருப்பமும் குறைகிறது. கடவுளின் அன்பு இவ்வாறு ஈர்க்கப்பட்டு எழுவதன்று என்பதில் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் ஒன்றுபட்டு நிற்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கத்தோலிக்க இறையியலாளர் தோமஸ் அக்குவினாஸ், பொருள்களில் உள்ள நன்மை கடவுளின் அன்பை உண்டாக்குவதில்லை, கடவுளின் அன்பே பொருள்களில் நன்மையை உண்டாக்குகிறது என்று எழுதினார். 1518இல் ஹைடல்பர்க் நகரில் நடந்த விவாதத்தில், புரொட்டஸ்தாந்து சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் முன்வைத்த கடைசி இறையியல் கூற்றும் ஏறத்தாழ அதையே சொல்கிறது. மற்றப் பல விடயங்களில் எதிரெதிர்த் திசைகளில் நின்ற இரண்டு மரபுகள் இந்த இடத்தில் சேர்ந்துகொள்வது கவனிக்கத்தக்கது. புதிய ஏற்பாட்டில் யோவானின் முதல் நிருபம் (கடிதம்) இதனைச் சுருக்கமாக, "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்" என்று கூறிவிடுகிறது. காரணம் நம்மிடத்தில் இல்லையென்றால், நம்மிடத்தில் ஏற்படும் மாற்றத்தால் அந்த அன்பு அற்றுப்போவதற்கும் வழியில்லை. நிலைத்திருக்கும் அன்பு என்ற போதனை முழுவதும் இந்த ஒரு தர்க்கத்தின் மேல்தான் நிற்கிறது.

தர்க்கமாகச் சொன்னால் இது எளிதாகத் தெரிகிறது, ஏற்றுக்கொள்வதுதான் கடினம். இயேசுவே அதை ஒரு கதையாகச் சொல்லியிருக்கிறார். மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டக் கதை அது. வேலையும் கூலியும் பற்றிய கதையாதலால், மலையகத்தவருக்கு அதைப் பற்றி வெளியார் அதிகம் விளக்கவேண்டியதில்லை.

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்து, கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறுகிற ஒரு பெண்ணுக்கு அன்றைய நாள் முழுநாளாவது தராசில்தான் தீர்மானிக்கப்படுகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் ஒரு கிலோக் கணக்கு உண்டு. அதை எட்டினால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி; எட்டாவிட்டால் அரைப்பேர், பாதிநாள் கூலி. கொழுந்தில் மழைத்தண்ணீர் இருக்கிறது என்று ஒரு கழிவும், சாக்கின் நிறைக்கென்று இன்னொரு கழிவும் போன பின்னர் எஞ்சும் எண்ணே கணக்கில் ஏறும். தராசின் முள் நிற்பதற்குள் கணக்கு எழுதுபவரின் பேனா நகர்ந்துவிடுவதையும், நிறுக்கக் கொடுத்தவளின் கண் முள்ளிலேயே இருப்பதையும் கொழுந்து மடுவத்தில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். அன்று அட்டை கடித்ததும், பனிமூட்டத்தில் வழுக்கி விழுந்ததும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்பதும் அந்த எண்ணில் தெரிவதில்லை.

இயேசுவின் கதையில் ஒரு தோட்டக்காரன் விடியற்காலையிலேயே சந்தைக்குப் போய், நாளுக்கு ஒரு பணம் என்று பேசி வேலையாட்களை அழைத்துவருகிறான். அந்தக் காலத்தில் அது ஒரு நாட்கூலிக்காரனின் வழக்கமான கூலி. பின்னர் காலை ஒன்பது மணியளவிலும், நடுப்பகலிலும், பிற்பகல் மூன்று மணியளவிலும் மறுபடி போய் ஆள் சேர்க்கிறான். வேலை முடிய ஒரு மணி நேரமே இருக்கையில், மாலை ஐந்து மணிக்கும் போகிறான். அங்கே இன்னும் சிலர் நிற்கிறார்கள். பகல் முழுவதும் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறான். மாலையில் கணக்குத் தீர்க்கும்போது, கடைசியாக வந்தவர்களிலிருந்து தொடங்கி எல்லாருக்கும் ஒரே ஒரு பணம் கொடுக்கப்படுகிறது. ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் முழுப்பேர். விடியலிலிருந்து உழைத்தவர்கள், பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே என்று முறுமுறுக்கிறார்கள். அவர்களின் ஆத்திரம் செயற்கையானதன்று. எந்தத் தோட்டத்திலும் இப்படி நடந்தால் அடுத்த நாள் பெரட்டில் சண்டை வரும்.

இந்தக் கதையைப் பிரசங்கங்களில் பெரும்பாலும் கடைசி நேரத்தில் மனந்திரும்புகிறவர்களைப் பற்றிய பாடமாகச் சுருக்கிவிடுகிறார்கள். அது பிழையில்லை என்றாலும், கதையின் நடுவில் இருக்கும் இரண்டு விபரங்களை அது மறைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். ஒன்று, கடைசியாக வந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். எவரும் அவர்களை அழைக்கவில்லை. வயதானவர்களையும் உடல் நலிந்தவர்களையும் வேலைக்கு ஆள் தேடுபவர்கள் கடைசிவரை விட்டுவைப்பது எந்த ஊரிலும் நடப்பதுதான். மற்றையது, ஒரு பணம் என்பது ஒரு குடும்பம் அன்றைக்கு உண்பதற்கான தொகை. தோட்டக்காரன் உழைப்பை நிறுத்துக் கூலி கொடுக்கவில்லை. ஒரு வீட்டுக்கு அன்று என்ன வேண்டுமோ அதைக் கொடுக்கிறான். முதலில் வந்தவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு சதமும் குறையவில்லை. அவர்களைப் பார்த்து அவன் கேட்கும் கேள்வி, "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்பது. கடவுளின் அன்பு தகுதிக்குக் கிடைக்கும் கூலியன்று என்று கிறிஸ்தவர்கள் சொல்லும்போது, அவர்கள் மனத்தில் இருப்பது இந்தக் காட்சி. அத்தகைய கொடையைக் கிறிஸ்தவ மரபு கிருபை என்றும் அருள் என்றும் அழைக்கிறது.

ஒரு கதையை வைத்து மட்டும் இந்த நம்பிக்கை கட்டப்படவில்லை. இயேசுவுக்கு முந்திய எபிரேய வேதத்திலேயே, கிறிஸ்தவர் பழைய ஏற்பாடு என்று சொல்லும் பகுதியிலேயே, இதன் வேர் இருக்கிறது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்ட இஸ்ரவேல் மக்கள், சீனாய் மலையடிவாரத்தில் கடவுளோடு உடன்படிக்கை செய்துகொண்ட சூட்டிலேயே பொன்னால் ஒரு கன்றுக்குட்டியை வார்த்து வணங்கிவிடுகிறார்கள். உடன்படிக்கை அங்கேயே முறிந்திருக்க வேண்டும். ஆனால் யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தில், அந்தத் துரோகத்துக்குப் பின்னர்தான், கடவுள் தம்மை இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் உள்ளவராக மோசேக்கு வெளிப்படுத்துகிறார். அதே வாசகம் தவறைத் தவறென்றே சொல்கிறது. தண்டனையைப் பற்றியும் பேசுகிறது. அன்பு மாறாதது என்பதற்குத் தவறு கண்டுகொள்ளப்படாது என்று பொருளில்லை. 136ஆம் சங்கீதம் 26 வசனங்கள் கொண்டது. ஒவ்வொரு வசனமும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகிறது. உலகைப் படைத்ததிலிருந்து மாம்சமான யாவுக்கும் ஆகாரம் கொடுப்பதுவரை எல்லாவற்றையும் ஒரே காரணத்தோடு கட்டிவைக்கும் பாட்டு அது. ஒருவர் முன்னடி சொல்ல, மற்றவர்கள் பின்னடி சொல்லும் முறையில் அதை இன்றும் ஆலயங்களில் வாசிக்கிறார்கள்.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓசியா தீர்க்கதரிசி இன்னும் ஒரு படி மேலே போகிறார். தன்னை விட்டுப் பிறரிடம் சென்ற மனைவியை மறுபடியும் ஏற்றுக்கொண்ட அவருடைய சொந்த வாழ்க்கையே, கடவுளுக்கும் மக்களுக்கும் இடையிலான உறவின் உருவமாக அந்த நூலில் நிற்கிறது. அதன் 11ஆம் அதிகாரத்தில் கடவுள் ஒரு தகப்பனின் குரலில், "எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?" என்று, இஸ்ரவேல் மக்களை எப்பிராயீம் என்ற பெயரால் அழைத்து, தமக்குள்ளேயே போராடுகிறார். அன்புகொண்டவருக்கு அந்த அன்பினால் நோவு உண்டாகிறது என்பதை வேதம் மறைக்கவில்லை. மாறாத அன்பு என்றவுடன் உணர்ச்சியற்ற ஒரு கற்பாறையை மனத்தில் கொள்பவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிப்பது நல்லது.

கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை இவையெல்லாம் இயேசுவின் சிலுவையில் வந்து கூடுகின்றன. இயேசுவின் அப்போஸ்தலரான பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 5ஆம் அதிகாரம், நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்பதையே கடவுளின் அன்புக்கு அத்தாட்சியாகக் காட்டுகிறது. நல்லவனுக்காக ஒருவேளை ஒருவன் உயிரைக் கொடுக்கத் துணியலாம். இங்கே அந்த ஒழுங்கு தலைகீழாகிறது. அதே நிருபத்தின் 8ஆம் அதிகார முடிவில், மரணமானாலும் ஜீவனானாலும், உயர்வானாலும் தாழ்வானாலும், எந்தச் சிருஷ்டியானாலும் அந்த அன்பைவிட்டு நம்மைப் பிரிக்க மாட்டாது என்று பவுல் அடுக்கிக்கொண்டே போகிறார். அவர் இதை வசதியான ஓரிடத்திலிருந்து எழுதவில்லை. அதற்குச் சற்று முன்னரே உபத்திரவம், பசி, நிர்வாணம், நாசமோசம், பட்டயம் (வாள்) என்று அவர் எண்ணுபவற்றில் பெரும்பாலானவை அவரது உடம்பு அறிந்தவை.

அன்பைப் பற்றி இவ்வளவு சொன்ன பின்னர் விசுவாசத்துக்கு வருவோம். விசுவாசம் என்றால் கடவுள் இருக்கிறார் என்று ஒத்துக்கொள்வது என்றே பலர் எண்ணுகிறார்கள். கிறிஸ்தவம் அதற்கு மேல் ஒன்றைக் கேட்கிறது: இப்படிப்பட்ட அன்பு நம்மேல் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை மெய்யென்று ஏற்று, அதன்மேல் முழுப்பாரத்தையும் வைத்து நடப்பது. ஆபிரகாம் தன் ஊரையும் இனத்தையும் விட்டு, போகும் இடம் எது என்று அறியாமலே புறப்பட்டதை எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் இதற்கு உதாரணமாகக் காட்டுகிறது. தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்துவந்த முன்னோர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஆபிரகாமின் கதையில் தம் வீட்டாரைக் காண்பது இயல்புதான். ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. ஆபிரகாமை அழைத்தவர் தம் வாக்கைக் காப்பாற்றினார் என்று வேதம் சொல்கிறது. நம் முன்னோர்களை அழைத்துவந்தவர்களைப் பற்றி வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

விசுவாசம் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்ற கேள்வி அடுத்துவரும். மாற்கு நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், நோயுற்ற மகனை இயேசுவிடம் கொண்டுவந்த ஒரு தகப்பன், விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும் என்று கண்ணீரோடு கதறுகிறான். பாதி நம்பிக்கையும் பாதிச் சந்தேகமுமான அந்த மன்றாட்டு தள்ளப்படவில்லை. மகன் சுகம் பெறுகிறான். மேற்சொன்ன தராசின் மொழியில் சொல்வதானால், விசுவாசத்துக்கு அரைப்பேர் கிடையாது. இயேசுவின் சீடரான பேதுருவின் கதையும் இத்தகையதே. உமக்காக என் உயிரையும் கொடுப்பேன் என்று சொன்ன அன்றிரவே, அவரை அறியேன் என்று மூன்று முறை மறுதலித்தவர் அவர். அப்படி நடக்கப்போகிறது என்பதை முன்னரே அறிந்த இயேசு, உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன் என்று அவரிடம் சொல்லியிருந்தார். உயிர்த்தெழுந்த பின்னர் கலிலேயாக் கடற்கரையில், கரிநெருப்பின் மேல் மீன் வைத்திருந்த அந்தக் காலை உணவுக்குப் பிறகு, மறுதலித்ததைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டு, தம் ஆடுகளைப் பேதுருவின் பொறுப்பில் விடுகிறார். பேதுருவின் விசுவாசம் நிலைத்தது என்றால், அது பேதுருவின் மனவுறுதியால் நிலைக்கவில்லை.

உணர்ச்சிக்கும் விசுவாசத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் இக்காலத்தில் இரண்டும் பெரிதும் குழம்பிக் கிடக்கின்றன. ஆராதனையில் கண்ணீர் வந்தால் விசுவாசம் இருக்கிறது, வராவிட்டால் இல்லை என்ற எண்ணம் இளையோரிடம் வேரூன்றி வருகிறது. அன்னை தெரேசா 1997இல் இறந்தார். அவருடைய தனிப்பட்ட கடிதங்கள் 2007இல் வெளியானபோது, அரை நூற்றாண்டுக்குக் கிட்டிய காலம் கடவுளின் அண்மையை அவர் உணராமலே வாழ்ந்தார் என்பது உலகுக்குத் தெரியவந்தது. அத்தனை ஆண்டுகளும் அவர் செபித்தார், கல்கத்தாவின் தெருக்களில் கிடந்தவர்களைத் தூக்கினார். கத்தோலிக்கத் திருச்சபை அதைப் போலித்தனமாகக் கருதவில்லை. 2016இல் அவரைப் புனிதராக அறிவித்தது. வேதத்திலும் 88ஆம் சங்கீதம் ஆறுதலின் ஒரு கீற்றும் இன்றி இருளோடே முடிகிறது. அப்படிப்பட்ட பாட்டையும் செபநூலிலிருந்து நீக்காமல் வைத்திருப்பதில், கிறிஸ்தவம் விசுவாசத்தை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது தெரிகிறது.

ஒருவர் பெற்ற விசுவாசத்தை இழந்துவிட முடியுமா என்பதில் மட்டும் சபைகளுக்குள் ஒருமை இல்லை. 1618, 1619ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தின் தோர்ட் நகரில் கூடிய சீர்திருத்த சபைகளின் சங்கம், கடவுள் தெரிந்துகொண்டவர்களை அவர் முடிவுவரை காத்துக்கொள்வார் என்று அறிக்கையிட்டது. கத்தோலிக்கரும், ஜோன் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்தரும், மனிதர் அந்த அருளை உதறிவிட்டுப் போகும் சுதந்திரம் உடையவர்கள் என்கிறார்கள். மனிதர் கைவிட்டாலும் கடவுள் கைவிடுவதில்லை என்பதில் எந்தத் தரப்புக்கும் ஐயமில்லை. மனிதர் ஏற்றுக்கொள்ளப்படுவது கிருபையினாலேயே என்பதில் உடன்பாடு தெரிவித்து, 1999 அக்டோபர் 31 அன்று கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகச் சம்மேளனமும் அவுக்ஸ்பர்க்கில் ஒரு கூட்டறிக்கையில் ஒப்பமிட்டன. 2006இல் மெதடிஸ்தரும் அதில் இணைந்தார்கள். தொடக்க நிலை வாசகருக்கு இந்த விவாதத்தின் உட்பிரிவுகள் இப்போதைக்குத் தேவையில்லை.

இதைவிடக் கனமான கேள்வி துன்பத்தைப் பற்றியது. 2014 அக்டோபர் 29 காலையில், பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே கொடுக்கப்பட்டிருந்தது. அத்தகைய ஓரிடத்தில் நின்றுகொண்டு கடவுளின் அன்பு மாறாதது என்று எப்படிச் சொல்வது? ஏசாயா தீர்க்கதரிசன நூலின் 54ஆம் அதிகாரத்தில், "மலைகள் விலகினாலும், பர்வதங்கள் நிலைபெயர்ந்தாலும், என் கிருபை உன்னைவிட்டு விலகாமலும்" இருக்கும் என்ற வாக்கு இருக்கிறது. சமவெளியில் வாழ்பவருக்கு அது ஓர் அணி. மழைக்காலத்தில் வீட்டுப் பின்சுவரின் வெடிப்பைப் பார்த்துக்கொண்டே உறங்குகிறவருக்கு அது அணியன்று. அந்த வாக்கு மலை விலகாது என்று சொல்லவில்லை என்பதை நிதானமாகக் கவனிக்க வேண்டும். மலை விலகும் என்பதை அது எடுகோளாகவே வைத்துக்கொள்கிறது. விசுவாசிக்கு இழப்பு நேராது என்று கிறிஸ்தவம் எங்கும் வாக்களிக்கவில்லை. அப்படி வாக்களிக்கும் பிரசங்கம் வேதத்திலிருந்து வருவதன்று. இழப்பின் நடுவிலும் கைவிடப்படவில்லை என்பதே அதன் கூற்று. எருசலேம் நகரம் கி.மு. 587 அளவில் பாபிலோனியரால் எரிக்கப்பட்டதற்காகப் பாடப்பட்ட புலம்பல் நூலின் நடுப்பகுதியில்தான், பசியாலும் பட்டயத்தாலும் மடிந்தவர்களைப் பற்றிய வரிகளுக்கிடையில், "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற வசனம் வருகிறது. அந்த வசனத்துக்குப் பிறகும் புலம்பல் ஓயவில்லை. இன்னும் இரண்டு அதிகாரங்களுக்கு மேல் தொடர்கிறது. மண்சரிவைக் கடவுளின் சித்தம் என்று சொல்லி, எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதவர்களின் பொறுப்பை மூடிவிடுவதற்கும் இந்தப் போதனையில் இடமில்லை.

அந்தக் கடைசிக் கருத்தை இன்னும் சற்று விரிக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் மலையகத்தில் இந்தப் போதனை தவறாகப் பயன்பட்டதும் உண்டு. 1854இல் ஆங்கிலிக்க மிஷன் சங்கம் கண்டியை மையமாகக்கொண்டு கோப்பித் தோட்டத் தமிழரிடையே ஊழியம் தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் தோட்டந்தோட்டமாக நடந்து சுவிசேஷம் சொன்னார்கள். அவர்கள் பட்ட பாட்டைக் குறைத்து மதிப்பிட முடியாது. எனினும் அந்த ஊழியத்துக்கான பணத்தில் ஒரு பகுதி தோட்டத் துரைமாரிடமிருந்தே வந்தது. அப்படி வரும்போது கூலியையும் கடனையும் பற்றிப் பேச நா எழாதிருந்திருக்கும்; பொறுமையைப் பற்றியும் பரலோகத்தைப் பற்றியும் பேசுவது எளிதாக இருந்திருக்கும். அன்பு சகலத்தையும் சகிக்கும் என்ற வசனம் கூலிக்காரருக்கு மட்டும் சொல்லப்படுமானால், அது வேதத்தின் பாதியை மறைப்பதாகும். விசுவாசம் கிரியைகளில்லாதிருந்தால் செத்தது என்று எழுதிய யாக்கோபின் நிருபமே, அதன் 5ஆம் அதிகாரத்தில், வயல்களை அறுத்த வேலைக்காரருடைய பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்றும் சொல்கிறது. கடவுள் தராசில் நிறுக்காமல் நேசிக்கிறார் என்பது, மனிதர் தராசில் ஏமாற்றலாம் என்பதற்கு அனுமதியாகாது.

பிற்காலத்தில் இந்த மறுபாதியையும் எடுத்துச் சொன்னவர்கள் இருந்தார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்கவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளவும் தீர்மானித்தது. பதிவேட்டில் பெயர் உண்டா இல்லையா என்பதில் வாழ்க்கை தொங்கிய அந்தத் தலைமுறைக்கு, தாய் மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை, என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன் என்னும் ஏசாயா 49ஆம் அதிகாரத்தின் வார்த்தைகள் எப்படி ஒலித்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அந்த வார்த்தைகளை ஆறுதலோடு நிறுத்திக்கொள்ளாமல், 1972இல் கண்டியில் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் சத்யோதய நிலையத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகவும் சிங்கள, தமிழ் மக்களின் நல்லுறவுக்காகவும் பல தசாப்தங்கள் உழைத்தார். தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராதவன் தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான் என்ற யோவானின் கேள்விக்கு, அது ஒரு வகை விடை.

இறுதியாக, இங்கே கல்யாணப் பத்திரிகைகளில் தவறாமல் அச்சாகும் ஒரு வசனத்தைப் பார்க்கலாம். "அன்பு ஒருக்காலும் ஒழியாது" என்பது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில் உள்ளது. விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது, இவைகளில் அன்பே பெரியது என்று அந்த அதிகாரம் முடிகிறது. அன்பு ஏன் பெரியது என்பதற்கு அகுஸ்தீனார் முதலிய பழைய ஆசிரியர்கள் தந்த விளக்கம் தெளிவானது: காணாததை நம்புவது விசுவாசம், ஆகையால் கடவுளை நேருக்குநேர் காணும் நாளில் அது காட்சிக்கு இடம் கொடுக்கும், எதிர்பார்த்தது கைக்கு வந்தபின் நம்பிக்கைக்கும் வேலையில்லை, அன்பு மட்டும் அங்கேயும் தொடரும், ஏனெனில் கடவுள் அன்பாகவே இருக்கிறார்.

இந்த அதிகாரம் திருமணத்துக்காக எழுதப்பட்டதன்று. கி.பி. 50களில், ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருந்த ஒரு சபைக்கு அனுப்பப்பட்ட கடிதத்தின் பகுதி அது. யாருடைய ஆவிக்குரிய வரம் பெரியது என்ற போட்டி அங்கே நடந்துகொண்டிருந்தது. இரண்டு அதிகாரங்களுக்கு முன்னர் இன்னொரு குறையும் வருகிறது: ஆண்டவருடைய பந்திக்குக் கூடும்போது வசதியானவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள், ஒருவன் பசியாயிருக்க, இன்னொருவன் குடித்து வெறித்திருக்கிறான், இல்லாதவர்கள் வெட்கப்பட்டு நிற்கிறார்கள். வேலை முடிந்து பிந்தி வந்த அடிமைகளும் கூலிகளுமே அந்த இல்லாதவர்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். பவுல் அதற்குச் சொன்ன பரிகாரம், சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பது.